ஆற்றோரப் பாதையில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்துக்குள் ஆற்றை ஒட்டிப் போட்டிருக்கும் தார்ப் பாதையிலோ கான்கிரீட் பாதையிலோ முதல் தடவை சைக்கிளை எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வந்து கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். பஸ் கிடையாது, லாரி கிடையாது, சிக்னல் கிடையாது, மேடு கிடையாது, பக்கத்திலேயே தண்ணீர். இதைவிடச் சுலபமான பாதை இருக்கவே முடியாது என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. நெரிசலான சாலைகளில் வருடக்கணக்கில் ஓட்டியும் விழாத நான், ஆற்றோரத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறேன். மூன்றும் கீழே வரும்.

சைக்கிள் ஓட்டி ரொம்ப நாளாகிவிட்டது. இந்தப் பாதை எனக்குச் சரிப்படுமா?

சரிப்படும். சமவெளி நகரங்களில் ஆறு ஒரு கிலோமீட்டர் ஓடியும் ஒரு மீட்டர்கூட இறங்காமல் இருப்பது சாதாரணம். பாதையும் அதே மட்டத்தில்தான் போகும். பாலத்துக்கு ஏறும் சாய்தளங்கள் மட்டும்தான் மேடு. சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் சில நாட்கள் விடுமுறை நாள் மாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது அது பாதை இல்லை, திருவிழா.

மேடே இல்லை என்கிறீர்கள். திரும்பி வரும்போது மட்டும் ஏன் நாக்கு தள்ளுகிறது?

காற்று. ஆற்றோரப் பாதைக்கு மேடு என்றால் அதுதான்.

நகரத்துக்குள் கட்டடங்கள் காற்றை உடைத்துவிடும். ஆற்றின் மேல் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. இரண்டு கரையிலும் உயரமான கட்டடங்கள் வரிசையாக நின்றால் இன்னும் மோசம், நடுவில் இருக்கும் வெற்றிடம் காற்றுக்கு வாய்க்கால் மாதிரி ஆகிவிடுகிறது. கடலுக்குப் பக்கத்து நகரம் என்றால், வெயில் ஏறிய பிறகு கடற்காற்று முகத்துவாரம் வழியாகவே உள்ளே வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பின்காற்று இருப்பதே நமக்குத் தெரியாது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து காற்று அடிக்கிறது, நீங்கள் 18 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் முகத்தில் படுவது 3 கி.மீ. காற்றுதான். "இன்றைக்குக் காலில் நல்ல வலு" என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூரம் போவீர்கள். திரும்பும்போது அதே 18 கி.மீ. வேகத்துக்கு முகத்தில் 33 கி.மீ. காற்று அடிக்கும். அதாவது 11 மடங்கு. காற்று நம்மைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், தடை 121 மடங்காகிவிடுகிறது. அந்த வேகத்தை யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கவும் வேண்டாம்.

ஆகவே போகும்போது எதிர்காற்றில் போங்கள், வரும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். கிளம்புமுன் ஒரு நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். அலை நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்றும் போகிறது. நீரோட்டத்தின் திசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மிதந்து போகும் இலை ஒரு பக்கம் போகும், மேலே நெளியும் அலை இன்னொரு பக்கம் போகும். ஓட்டும்போது முழங்கையை மடித்து உடம்பைத் தாழ்த்துங்கள். கியர் இருந்தால் லேசான கியருக்கு மாறி, வேகம் குறைகிறதே என்று கவலைப்படாமல் மிதியுங்கள்.

வரைபடத்தில் 8 கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டுப் போனேன். 12 காட்டுகிறதே?

நீங்கள் நேர்கோட்டில் அளந்திருப்பீர்கள். ஆறு நேர்கோட்டில் ஓடாது. ஆற்றின் நீளம் நேர்த்தூரத்தைப் போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால்தான் புவியியலில் அதை வளைந்தோடும் ஆறு என்றே சொல்வார்கள். உங்கள் 8, 12 ஆனது அந்தக் கணக்குதான். வேலைக்குப் போகிறவர்கள் பெரிய வளைவுகளைப் பாலத்தில் ஏறிக் குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். சும்மா ஓட்டப் போகிறவர்களுக்கு அந்த வளைவுதான் விருந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அதே நகரம் வேறு முகம் காட்டும்.

வலது கரை, இடது கரை என்று பலகைகளில் எழுதியிருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்து நின்றால் வலது?

ஆறு ஓடும் திசையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் வலது கரை. நீங்கள் எதிர்த்திசையில் ஓட்டினாலும் கரையின் பெயர் மாறாது. பாரிஸில் சேன் நதியின் வலது கரை, இடது கரை என்று நகரத்தையே பிரித்துச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். யாரையாவது ஓர் இடத்துக்கு வரச் சொல்லும்போது "ஆற்றுக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லாதீர்கள். கரையின் பெயரும் பக்கத்துப் பாலத்தின் பெயரும் சொன்னால் போதும்.

பாலத்துக்கு அடியில் நுழையும் இடங்கள் பயமாக இருக்கின்றன. பயம் நியாயம்தானா?

நியாயம்தான். இந்தப் பாதை முழுவதிலும் கவனம் கேட்கும் இடம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

பாலத்தடியில் தலை இடிக்காமல் போக வேண்டும் என்பதற்காகப் பாதையைத் தாழ்த்தியிருப்பார்கள். இறங்கும்போது வேகம் தானாக ஏறும். தூண்களைச் சுற்றிப் போவதால் பெரும்பாலும் அங்கேயே ஒரு வளைவும் இருக்கும், எதிரே வருபவர் தெரிய மாட்டார். இந்த இரண்டும் போதாதென்று வெளிச்சம் வேறு. கொளுத்தும் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் கண் பழகச் சில நொடிகளாவது ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் பாலத்தடியை ஏறக்குறைய குருடராகக் கடக்கிறீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

என் முதல் விழுதல் இங்கேதான். முந்தின வாரம் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. பாதை காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. பாலத்தடியில் மட்டும் வெயில் படாததால், தோசை மாவை மெல்லிசாக இழுத்துவிட்ட மாதிரி ஒரு படலம் வண்டல் ஈரமாகவே இருந்திருக்கிறது. வளைவில் சைக்கிளைச் சாய்த்தேன், முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. சத்தம்கூட வரவில்லை. முழங்கை தேய்ந்தது, ஹேண்டில் கோணிக்கொண்டது. எழுந்து பார்த்தால், எனக்கு முன்னால் அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் வழுக்கிய கோடுகள் அந்த வண்டலில் இருந்தன.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். இறக்கம் தொடங்குமுன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுவேன். பெல் அடித்துவிட்டு என் பக்கத்தை விடாமல் உள்ளே போவேன். தரை பளபளவென்று தெரிந்தால் ஹேண்டிலைத் திருப்பாமல், சாய்க்காமல், முன்பிரேக்கைத் தொடாமல் நேராக உருண்டுவிடுவேன். வளைவிலேயே வண்டல் கிடந்தால் இறங்கி நடந்துவிடுவேன்.

மழை பெய்து பாதையில் தண்ணீர் நிற்கிறது. மெதுவாக ஓட்டிக் கடந்துவிடலாமா?

மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் பார்த்துப் போகலாம். ஆற்றுத்தண்ணீர் ஏறியிருந்தால் கூடவே கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சக்கரத்துக்கும் பொருந்தும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாதையின் ஓரம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு மெல்லிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் எம்மாத்திரம்?

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: இந்தப் பாதைகளில் பல, மூழ்கட்டும் என்று தெரிந்தே போடப்பட்டவை. வெள்ளம் வந்தால் ஆறு விரிந்துகொள்ள இடம் வேண்டும், மற்ற நாட்களில் அந்த இடம் நமக்கு. தென்கொரியத் தலைநகர் சோலில் ஹான் ஆற்றின் கரைப் பூங்காக்களும் சைக்கிள் பாதைகளும் மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போவது வழக்கம். அங்கே 1976-இல் திறந்த ஜம்சு பாலத்தை, வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும் என்று தாழ்வாகவே கட்டினார்கள். ஜம்சு என்றாலே நீருக்குள் மூழ்குவது என்றுதான் அர்த்தம்.

அப்புறம், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. மேலே எங்கோ மலையில் பெய்த மழை நகரத்துக்கு வந்து சேரச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். அணை திறந்தாலும் அப்படித்தான். தடுப்பு போட்டிருந்தால் அதைத் தூக்கிவைத்துவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். வண்டலோடு முள், கண்ணாடித் துண்டு, கம்பி எல்லாம் வந்து கிடக்கும்.

மரப்பலகை போட்ட பகுதிகளில் சக்கரம் வழுக்குகிறதே?

நனைந்த மரப்பலகை சோப்புத் தடவிய தரைக்குச் சமம். பாசி பிடித்திருந்தால் அதைவிட மோசம். என் இரண்டாவது விழுதல் இதில்தான், பனி இறங்கியிருந்த ஒரு விடிகாலையில். மழையே இல்லாததால் பலகை நனைந்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

பலகை பாதைக்குக் குறுக்கே போட்டிருந்தால் தடதடவென்று சத்தத்தோடு போய்விடும். நீளவாக்கில் போட்டிருந்தால் இடுக்கில் டயர் சிக்கும், கொஞ்சம் சாய்வாகக் கடக்க வேண்டும். பாலங்களில் வெப்பத்துக்கு விரிந்து சுருங்க விட்டிருக்கும் இரும்பு இணைப்புகளைச் செங்குத்தாகத் தாண்டுங்கள். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தின் வில்லமெட் ஆற்றில் 2001-இல் திறந்த கிழக்குக் கரைப் பாதையில் 350 மீட்டருக்கு மேல் தண்ணீரிலேயே மிதக்கும் பகுதி ஒன்று உண்டு. ஆறு ஏறினால் பாதையும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதற்குப் போய்ச்சேரும் சாய்தளம் நேற்று இருந்த சரிவில் இன்றைக்கு இருக்காது.

நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாய், குழந்தை என்று ஒரே கூட்டம். எப்படித்தான் ஓட்டுவது?

மெதுவாக. வேறு பதில் இல்லை. கணக்கைப் பாருங்கள். 25 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே ஒன்று வந்ததை உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆனாலே 7 மீட்டர் போய்விடுவீர்கள். காய்ந்த தரையில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய 6 மீட்டர். மொத்தம் 13. வேகம் 15 கி.மீ. என்றால் இரண்டும் சேர்ந்து ஆறரை மீட்டருக்குள் முடிந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே வருவதற்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

பெல் அடிப்பதிலும் ஒரு நிதானம் இருக்கிறது. என் மூன்றாவது விழுதல் பெல்லால் வந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மீட்டர் பின்னால் போய் அடித்தேன். அவர் திடுக்கிட்டு ஒதுங்கினார், நான் தாண்ட நினைத்த அதே பக்கம். அவரை இடிக்காமல் இருக்கப் புல்லில் இறக்கினேன், புல்லுக்கும் தாருக்கும் இடையில் இருந்த நாலு விரல் உயரம் என்னைத் தூக்கிப் போட்டது. அவர்தான் என்னைத் தூக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான். பதினைந்து இருபது மீட்டர் முன்னாலேயே ஒரு தடவை அடித்தால் போதும். அவர் திரும்பிப் பார்த்து ஒரு பக்கம் நிலைப்பட நேரம் கிடைக்கும். காதில் ஏதாவது மாட்டியிருப்பவருக்கு எத்தனை தடவை அடித்தாலும் கேட்காது, நடக்கும் வேகத்துக்குக் குறைத்துத் தாண்டுங்கள்.

நாய் ஒரு பக்கமும் பிடித்திருப்பவர் மறுபக்கமும் இருந்தால் நடுவில் கயிறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். குழந்தைகள் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம்தான் போவார்கள், காலை விட்டுவிட்டு முகத்தைக் கவனியுங்கள்.

30 கி.மீ. வேகத்தில்தான் ஓட்டுவேன் என்பவர்கள் சாலைக்குப் போகட்டும். கோபமாக இருந்தாலும் இதுதான் என் கருத்து.

பேட்டரி சைக்கிள் கொண்டுபோகலாமா?

நகரத்துக்கு நகரம் விதி வேறு, நுழைவாயில் பலகையைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரையுள்ள மோட்டார், மிதிக்கும்போது மட்டும் துணை, 25 கி.மீ. வேகத்தில் அந்தத் துணை நின்றுவிட வேண்டும் என்றால்தான் அது சாதாரண சைக்கிளாகக் கணக்கு. எதிர்காற்றில் வயதானவர்களுக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் எடை அதிகம், நிற்கத் தூரமும் அதிகம்.

நகரத்து நடுவில் இவ்வளவு நீளமாகக் காலி இடம் எப்படித்தான் கிடைத்தது?

பல இடங்களில் அது காலியாக இல்லை, காலி செய்தார்கள். ஆற்றங்கரை ஒரு காலத்தில் கிடங்குக்கும் துறைக்கும் போனது, பிறகு வேகச்சாலைக்குப் போனது. போர்ட்லாந்தில் ஆற்றோரம் ஓடிய ஹார்பர் டிரைவ் சாலையை 1974-இல் மூடி அந்த இடத்தைப் பூங்காவாக்கினார்கள். பாரிஸில் வலது கரையோரம் 1967-இல் திறந்த வேகச்சாலையில் 3.3 கிலோமீட்டரை 2016-இல் கார்களிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். வியன்னாவின் கதை தலைகீழ். வெள்ளத்துக்காக டானூபுக்கு இணையாக ஒரு புது வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணை நடுவில் கொட்டினார்கள். 1972-இல் தொடங்கி 1988-இல் முடிந்த அந்த வேலையில் 21 கிலோமீட்டர் நீளத் தீவு ஒன்று உண்டானது. இன்றைக்கு அங்கே சைக்கிள்தான் ராஜா.

ஸ்பெயினின் வலென்சியாதான் எனக்குப் பிடித்தது. 1957-இல் துரியா ஆறு நகரத்தை மூழ்கடித்தது. ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டுப் பழைய ஆற்றுப்படுகையைப் பூங்காவாக்கினார்கள். சுமார் 9 கிலோமீட்டர், ஆறு இல்லாத ஆற்றுப் பாதை. பழைய கல்பாலங்களுக்கு அடியில், தண்ணீர் ஓடிய இடத்தில் சைக்கிள் ஓடுகிறது.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

வீட்டில் இருப்பது போதும். புதிதாக வாங்குவதென்றால் 32 முதல் 40 மி.மீ. அகலமுள்ள டயர் வசதி, வேர் தூக்கிய மேடுகளையும் பலகை இடுக்கையும் தாங்கும். மட்கார்டு கட்டாயம், இல்லாவிட்டால் வண்டல் முதுகில் கோலம் போடும்.

கையில் என்னென்ன எடுத்துப் போவது?

மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சின்னப் பம்பு. சாலையில் பஞ்சரானால் ஓரமாக நின்று யாரையாவது கூப்பிடலாம். இங்கே கரைச்சுவருக்குக் கீழே இருப்பீர்கள், மேலே ஏறும் அடுத்த வழி ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கும். அதுவும் படிக்கட்டாக இருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டும். தண்ணீர் அவசியம். ஆற்றுக்காற்று வியர்வையை உடனே காய வைத்துவிடுவதால், வியர்த்ததே தெரியாமல் உடம்பு வறண்டுவிடும்.

யாருக்காவது அடிபட்டு உதவி கூப்பிட்டால் "ஆற்றங்கரையில்" என்று சொல்லிப் பயனில்லை. விளக்குக்கம்பத்தில் எண் இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசியாகக் கடந்த பாலத்தின் பெயர்.

குழந்தையையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. உங்கள் சைக்கிள் தண்ணீர்ப் பக்கம், குழந்தையின் சைக்கிள் உள்பக்கம். கைப்பிடிச் சுவர் இல்லாத நீளங்களில் நீங்கள் அரை சக்கரம் பின்னால் வந்தால் அது விலகுவது முதலில் உங்கள் கண்ணில் படும். எதிரே ஆள் வந்தால் பக்கத்தில் ஓட்டாமல் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகு?

முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாயுங்கள். எதிரே வருபவர் கண்ணில் அடித்தால் அவருக்கு உங்களையும் தெரியாது, பாதையின் ஓரமும் தெரியாது. அந்தி நேரத்தில் தண்ணீர் மேலிருந்து பூச்சிக்கூட்டம் தூண் தூணாக எழும்பும், விளக்குக்கம்பங்களுக்குக் கீழே அடர்த்தியாக. நிறமில்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். பேசிக்கொண்டே போன நண்பர் ஒருவர் திடீரென்று நிறுத்தி, இருமி, துப்பி, "இனிமேல் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

தினமும் வேலைக்கு இதிலேயே போக முடியுமா?

நான் போகிறேன். சிக்னல் இல்லாததால் ஒவ்வொரு நாளும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், சாலையில் அது வாய்க்காது. ஆனால் மேலே எந்தெந்தச் சாய்தளத்தில் ஏறலாம் என்பதை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும் நாட்களுக்குச் சாலை வழியையும் ஒரு தடவை ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். நான் வீட்டிலிருந்து இறங்கும் முதல் பாலத்தின் தூணில் நீர்மட்டம் குறித்த அளவுகோல் ஒன்று பதித்திருக்கிறது. தினமும் காலையில் நின்று அதைப் பார்ப்பேன். நேற்றைவிட ஒரு சாண் ஏறியிருந்தால் அன்றைக்குச் சாலைதான்.